எது குத்தியது என்று கேட்டவர்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, பொதுச் சுகாதாரத்தில் முதுகலை சேரப் போகிற ஒருவர் கேட்டிருந்தார்: "நோயாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலை பார்க்கிறவர்களின் பாதுகாப்பை மட்டுமே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா? அது சங்கத்துக்காரர்கள் வேலை, பல்கலைக்கழக வேலை இல்லை என்கிறார் எங்கள் மேடம்."

முடியும். அப்படி வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றிச் சொன்னாலே போதும், உங்கள் மேடத்துக்கும் பதில் அதிலேயே வந்துவிடும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜனீன் ஜாகர் என்ற எபிடெமியாலஜிஸ்ட், அதாவது நோயும் காயமும் யாருக்கு, எங்கே, எதனால் வருகிறது என்று கணக்கெடுத்து ஆராய்கிறவர். பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் டிரிப்ஸ் லைனில் ஊசியே இல்லாமல் மருந்து ஏற்ற ஓர் இணைப்பு இருக்கிறதே, நரம்பில் ஏற்றியதும் ஊசி முனையைத் தானே மூடிக்கொள்ளும் கானுலா இருக்கிறதே, இதெல்லாம் வார்டுக்கு வந்து சேர்ந்த வழியில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

அவர் நர்ஸ் இல்லை, ஊசியில் தொடங்கவும் இல்லை. விபத்தில் தலையில் அடிபடுகிறவர்களைப் பற்றித்தான் முதலில் ஆராய்ந்தார். இது முக்கியம், ஏனென்றால் காயங்களை ஆராய்கிறவர்களுக்குள் அதற்கு முன்பே ஒரு பெரிய மனமாற்றம் நடந்து முடிந்திருந்தது. சாலை விபத்து என்றால் ஓட்டியவன் தப்பு, அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும், இதுதான் பழைய எண்ணம். 1966இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக வந்த வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர் அதைத் திருப்பிப் போட்டவர்களில் ஒருவர். மனிதன் தப்பு செய்யத்தான் செய்வான், தப்பு செய்தாலும் உயிர் போகாத மாதிரி வண்டியைச் செய் என்பது அவர் பக்கம். ஸ்டியரிங் நெஞ்சைக் குத்துகிறதா, ஸ்டியரிங்கை மாற்று. ஜாகர் இந்தக் கண்ணோடுதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

காலம் 1980கள். எச்.ஐ.வி. வந்துவிட்டது, ஊசி குத்தியதால் ஒரு சுகாதாரப் பணியாளருக்கு அது தொற்றிய முதல் செய்தி 1984இல் லான்செட் இதழில் வருகிறது. எல்லோருக்கும் பயம். எச்.ஐ.வி. ஒன்றும் முதல் ஆபத்து இல்லை, கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி அதற்கு முன்பிருந்தே ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு குத்தில் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம், ஹெப்படைட்டிஸ் பி என்றால், அதற்குத் தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் நிலையைப் பொறுத்து 30 சதவீதம் வரை போகும். 1983இல் மட்டும் அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்களில் சுமார் 17,000 பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றியிருக்கும் என்பது அவர்களுடைய நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. ஆனால் அதற்கு யாரும் பதறவில்லை. எச்.ஐ.வி. வந்த பிறகுதான் பதறினார்கள்.

பதறி என்ன செய்தார்கள்? போஸ்டர் ஒட்டினார்கள். ஊசியை மறுபடி மூடாதே, ரீகேப் செய்யாதே. வகுப்பு எடுத்தார்கள். குத்திக்கொண்டவர்களைக் கூப்பிட்டு ஏன் மூடினாய் என்று கேட்டார்கள்.

ஜாகரும் கூட இருந்தவர்களும் வேறு மாதிரிக் கேட்டார்கள். தங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே பத்து மாதம், குத்திக்கொண்டதாகச் சொன்ன ஊழியர்களை உட்காரவைத்து, உன்னைக் குத்தியது எந்தக் கருவி, அப்போது அதை வைத்து என்ன செய்துகொண்டிருந்தாய் என்று விசாரித்தார்கள். மொத்தம் 326 காயங்கள். அந்த ஆய்வு 1988இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சில பக்கம்தான், படிக்கப் பெரிய கணிதம் ஒன்றும் வேண்டாம், முதுகலையில் முதல் மாதமே தேடிப் படித்துவிடுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணச் சிரிஞ்ச்தான் குற்றவாளி, 35 சதவீதக் காயம் அதனால். அடுத்தது டிரிப்ஸ் குழாயோடு சேர்ந்த ஊசி, 26 சதவீதம். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எல்லா ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் மாதிரி அதுவும் ஃபைலுக்குள் போயிருக்கும். அவர்கள் அடுத்து ஒரு காரியம் செய்தார்கள், என் கணக்கில் அவருடைய முழு வாழ்க்கையும் அந்த ஒரு காரியத்தில் இருக்கிறது: ஒவ்வொரு கருவியையும் ஆஸ்பத்திரி எத்தனை வாங்கியது என்ற கணக்கை எடுத்து, காயத்தை அதால் வகுத்தார்கள். வகுத்ததும் படம் தலைகீழாகிவிட்டது. சிரிஞ்ச்தான் இருப்பதிலேயே சாது, ஒரு லட்சம் சிரிஞ்சுக்கு 6.9 காயம். லட்சக்கணக்கில் புழங்குவதால் எண்ணிக்கையில் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உபயோகித்த பிறகு பிரித்துக் கழற்ற வேண்டிய கருவிகள் இருக்கின்றனவே, அவற்றின் விகிதம் சிரிஞ்சைப் போல 5.3 மடங்கு வரை போனது.

டிரிப்ஸ் குழாய் ஊசியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு இரண்டாவது மருந்தை ஓடுகிற லைனில் சேர்க்க வேண்டுமென்றால் அதன் குழாய் நுனியில் ஓர் ஊசியை மாட்டி, முதல் குழாயின் ரப்பர் வாசலில் குத்தி, டேப் போட்டு ஒட்டிவைப்பார்கள். அந்த ஊசி நோயாளியின் தோலைத் தொடுவதே இல்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயை இன்னொரு பிளாஸ்டிக் குழாயோடு சேர்க்க எஃகு ஊசி எதற்கு? நர்ஸின் விரலைக் குத்துவதைத் தவிர அதற்கென்று தனியாக ஒரு வேலையும் கிடையாது. காயத்தில் கால் பங்குக்கு மேல் இந்த வேண்டாத ஊசியால். 1992 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மாதிரி ஊசிகளைப் பற்றி மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஊசியில்லாத இணைப்புகள் பரவியது அதையொட்டித்தான்.

அப்புறம் அந்த ரீகேப் விஷயம். காயத்தில் மூன்றில் ஒரு பங்கு மூடும்போது நடந்ததுதான், போஸ்டர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஏன் மூடினீர்கள் என்று கேட்டபோது வந்த பதில்களைப் பாருங்கள்: மூடாமல் இதைக் கழற்றினால் அதைவிட ஆபத்து. கையில் நாலைந்து திறந்த ஊசி, ஊசிக் கழிவுப் பெட்டி அந்தக் கோடியில் இருக்கிறது, ஒரே நடையில் மூடாமல் எப்படிக் கொண்டுபோவது? இரண்டு ஆபத்தில் சின்னது எது என்று கணக்குப் போட்டுத்தான் மூடியிருக்கிறார்கள். அதைத்தான் மேலே இருந்தவர்கள் அசட்டை என்று எழுதிவைத்திருந்தார்கள். கட்டுரையின் முடிவில் கருவி எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்: முனையை மூடும்போது கை எப்போதும் ஊசிக்குப் பின்னால் இருக்க வேண்டும், கழற்றுவதற்கு முன்பே முனை மூடியிருக்க வேண்டும், குப்பைக்குப் போன பிறகும் மூடியபடியே இருக்க வேண்டும். இன்றைக்குப் பாதுகாப்பு ஊசி என்று விற்கிற எதையாவது கையில் எடுத்து இந்த மூன்றையும் பொருத்திப் பாருங்கள், எது உண்மையான சரக்கு, எது பெயருக்கு என்று உடனே தெரிந்துவிடும். சொன்னதோடு நிற்காமல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அப்படிப்பட்ட ஊசிகளை வடிவமைத்துக் காப்புரிமையும் வாங்கினார் ஜாகர்.

ஒரு மருத்துவமனையின் பத்து மாதக் கணக்கை வைத்து எத்தனை நாள் பேச முடியும்? 1990களின் தொடக்கத்தில் எபிநெட் என்று ஒரு பதிவு முறையை உண்டாக்கினார். அடிப்படையில் அது ஒரு படிவம், வேறொன்றும் இல்லை. குத்துப்பட்டவர் என்ன வேலை, எங்கே நடந்தது, எந்தக் கருவி, எதற்காக எடுத்தது, எந்தக் கட்டத்தில் குத்தியது, போடும்போதா, கழற்றும்போதா, மூடும்போதா, பெட்டியில் போடும்போதா. கருவியில் பாதுகாப்பு அமைப்பு இருந்ததா, இருந்தால் அதை இயக்கினார்களா. இன்னொரு கேள்வி, எனக்கு மிகவும் பிடித்தது: அந்த ஊசியை முதலில் உபயோகித்தவர் நீங்கள்தானா? இந்த ஒரு கட்டம் இல்லாவிட்டால், குப்பைப் பையைத் தூக்கும்போது தொடையில் குத்துப்பட்ட துப்புரவுப் பணியாளரும் ஊசி போடும்போது குத்திக்கொண்ட டாக்டரும் ஒரே வரியில் போய்விடுவார்கள். இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் என்று பல நாடுகளில் அந்தப் படிவத்தை அவரவர் மொழியில் மாற்றி எடுத்துக்கொண்டார்கள்.

படிவம்தானே என்று தோன்றும். நான் ஒரு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் சில வருடம் இருந்தேன், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஊசிக்குத்துக்கென்று ஒரு நீள நோட்டு இருக்கும், கடைசிக் கட்டத்தில் "காரணம்". பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் ஒரே வார்த்தை, கவனக்குறைவு. எழுதியது குத்துப்பட்டவர் இல்லை, மேலே உள்ளவர். எழுதினால் மெமோ வரும் என்று தெரிந்ததால் பாதிப் பேர் சொல்லவே மாட்டார்கள். பயிற்சி மாணவி ஒருத்தி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த நோட்டில் கருவியின் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் போதும், அவள் கையில் கொடுத்த சாமானைப் பற்றி ஒரு பேச்சாவது வந்திருக்கும்.

சரி, சங்கம் வேலையா பல்கலைக்கழக வேலையா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் இல்லாமல் நடக்கவில்லை என்பதுதான் வரலாறு. 1986இலேயே அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் ரத்தம் வழியாக வரும் நோய்களிலிருந்து பாதுகாப்புக் கேட்டு அரசிடம் மனுக் கொடுத்தன. 1991 டிசம்பரில் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் விதி கொண்டுவந்தது, அதில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை முதலாளி இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று சேர்த்தார்கள். மேலே 17,000 என்று சொன்னேனே, அது 1995இல் சுமார் 400 ஆகிவிட்டது, அதற்குள் தடுப்பூசியும் பரவியிருந்தது, கையுறை முதலான பழக்கங்களும் வந்திருந்தன. ஆனால் ஹெப்படைட்டிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.-க்கும் தடுப்பூசி கிடையாது, அங்கே குத்தையே தடுத்தாக வேண்டும். ஊசியின் வடிவத்தைப் பற்றி அந்த விதியில் உறைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பாதுகாப்பு ஊசி விலை கூட, யார் வாங்குவார்கள்?

1998இல் கலிஃபோர்னியா முதல் மாநிலமாகப் பாதுகாப்பு ஊசிக்குச் சட்டம் போட்டது. அதே வருடம் மாசசூசெட்ஸில் கேரன் டேலி என்ற நர்ஸுக்கு, ஊசியைப் பெட்டியில் போடும்போது உள்ளே நீட்டிக்கொண்டிருந்த வேறொரு ஊசி குத்தி, எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி இரண்டும் தொற்றியது. இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர், கவனக்குறைவு என்று யாரும் வாய் திறக்க முடியாது. அவர் தன் பெயரையும் நோயையும் வெளியே சொல்லி நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். பிற்பாடு அமெரிக்கச் செவிலியர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். ஒரு பக்கம் இப்படி ஒரு சாட்சி, இன்னொரு பக்கம் பத்து வருடமாகச் சேர்த்த கருவிவாரியான கணக்கு. 2000 நவம்பர் 6 அன்று கிளின்டன் ஊசிக்குத்துப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

சட்டத்தில் இருப்பதைப் படித்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சின்னச் சின்ன விஷயம். காயப் பதிவேட்டில் கருவியின் வகையும் பிராண்டும் எழுத வேண்டும், எந்தப் பிரிவில் எப்படி நடந்தது என்றும் எழுத வேண்டும். பாதுகாப்பான கருவி ஏதாவது சந்தைக்கு வந்திருக்கிறதா என்று வருடாவருடம் பார்க்க வேண்டும், தேர்ந்தெடுக்கும்போது நிர்வாகத்தில் இல்லாத, நேரடியாக வேலை பார்க்கிற ஊழியரிடம் கருத்துக் கேட்க வேண்டும். எபிநெட் படிவத்தின் கட்டங்கள் சட்டத்துக்குள் ஏறிவிட்டன. 2012இல் ஜாகரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்குப்படி, 2000ஐ விட 2001இல் அவர்கள் கணக்கெடுத்த மருத்துவமனைகளில் காயங்கள் சுமார் 38 சதவீதம் விழுந்தன. போஸ்டர் ஒட்டி இப்படி விழுந்ததாக நான் எங்கேயும் பார்த்ததில்லை.

இடையில் 2002இல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது, பெரிய கௌரவம், அதை விட்டுவிடலாம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது, சட்டம் வந்து பத்து வருடம் கழித்து அவர் வெளியிட்ட இன்னோர் ஆய்வால். 87 மருத்துவமனைகளின் கணக்கு, 1993 முதல் 2006 வரை. சட்டத்துக்குப் பிறகு மற்ற இடங்களில் காயம் 31.6 சதவீதம் குறைந்திருக்க, ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் 6.5 சதவீதம் கூடியிருக்கிறது. காரணம் தையல் ஊசி, கத்தி. தையல் ஊசிக்கு முனை மழுங்கிய மாற்று இருக்கிறது, தசையைத் தைக்க அது போதும், ஆனால் தியேட்டரில் எதை எடுப்பது என்று தீர்மானிப்பவர் சர்ஜன், அவருக்குப் பழகிய ஊசியே வேண்டும். அந்த ஆய்வின் கூர்மையான வரி இதுதான்: குத்திய கருவியை முதலில் கையாண்டவர் பெரும்பாலும் சர்ஜனும் பயிற்சி சர்ஜனும், ஆனால் நர்ஸும் தியேட்டர் டெக்னீஷியனும் குத்துப்பட்டது பெரும்பாலும் அடுத்தவர் உபயோகித்த கருவியால். பாருங்கள், "முதலில் உபயோகித்தவர் நீங்கள்தானா" என்ற அந்த ஒரு கட்டம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது! தான் போராடிக் கொண்டுவந்த சட்டத்தின் ஓட்டையைத் தானே எண்ணிக் காட்ட எல்லோருக்கும் மனம் வராது.

இனி உங்கள் கதை. நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2016ஆம் வருட உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, கழிவைக் கையாளும் எல்லோருக்கும், துப்புரவுப் பணியாளர் உட்பட, ஹெப்படைட்டிஸ் பி-யும் டெட்டனஸும் போட வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. கூர்மையான கழிவு போட வெள்ளை நிற, துளைக்க முடியாத பெட்டி. ஒப்பந்த ஊழியருக்கு மூன்று டோஸும் போட்டிருக்கிறதா என்று நீங்கள் வேலை பார்த்த இடத்திலேயே விசாரித்துப் பாருங்கள், அதுவே ஒரு ஆய்வுத் தலைப்பு.

இன்னொன்று, இது கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்காக. நம் தடுப்பூசித் திட்டத்தில் ஒரு தடவை போட்டதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச் வந்துவிட்டது, நல்ல காரியம். ஆனால் அது காப்பாற்றுவது அடுத்த குழந்தையை, ஒரே ஊசியை இரண்டு பேருக்குப் போட முடியாதபடி. போட்ட பிறகு முனை திறந்தபடிதான் இருக்கிறது, துள்ளுகிற குழந்தையைத் தாய் மடியில் பிடித்துக்கொண்டிருக்க, ஊசியை வெட்டிப் போடும் ஹப் கட்டர் எட்டாத தூரத்தில் இருந்தால் அந்தச் செவிலியரின் விரலுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. மறு உபயோகத்தைத் தடுப்பது வேறு, குத்தைத் தடுப்பது வேறு என்று உலகச் சுகாதார நிறுவனமே தன் 2015 வழிகாட்டலில் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறது. அங்கன்வாடியில் உட்கார்ந்து, ஊசி கையிலிருந்து கட்டருக்குப் போகிற அந்த நாலு விநாடியைக் கவனித்து எழுதுங்கள். செலவே இல்லாத ஆய்வு.

பணம் பற்றியும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: இந்தத் துறையில் கருவி செய்கிற கம்பெனிகள்தான் கையில் காசோடு வரும். வாங்குவதில் தப்பில்லை, ஆனால் மூல எண்ணிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும், வெளியிடும் உரிமையும் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படிப்பு தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். முதலில் உங்கள் ஹெப்படைட்டிஸ் பி ஆன்டிபாடி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், வார்டில் இருந்தவர் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்புறம் ஒரு தாளில் எட்டு கேள்வி எழுதி, கடந்த ஒரு வருடத்தில் குத்துப்பட்ட தோழிகளிடம் பேசுங்கள், மேலதிகாரி இல்லாத இடத்தில், பெயர் எழுதாமல். ஏன் என்று கேட்காதீர்கள், எது என்று கேளுங்கள். அது முடிந்ததும் ஸ்டோர்ஸுக்குப் போய், போன வருடம் எந்தச் சிரிஞ்ச் எத்தனை, கானுலா எத்தனை, ஸ்கால்ப் வெயின் செட் எத்தனை வாங்கினார்கள் என்று கேளுங்கள். ஸ்டோர் கீப்பர் எதற்கு என்பார், லெட்டர் கொண்டா என்பார். லெட்டரோடு போங்கள். காலையில் வார்டுகளிலிருந்து சாமான் கேட்டு இண்டென்ட் வருகிற நேரத்தில் போகாதீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் அவரே நோட்டை எடுத்துக் கொடுப்பார்.